மணிலாவும் மார்செய்யும்

தென் ஆற்காட்டிலும் புதுச்சேரியிலும் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பது பேச்சில் தேய்ந்து அப்படி ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகத்தின் பெயரோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. விழுப்புரம், திண்டிவனம் விற்பனைக்கூடங்களின் விலைப்பட்டியலில் இன்றும் ‘மணிலா’ என்றுதான் எழுதுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கொட்டைதான் புதுச்சேரியைப் பிரான்சின் மார்செய் நகரத்தோடு பிணைத்தது.

மார்செய் சோப்புக்குப் பேர் போன ஊர். அங்கே தொடக்கத்தில் ஆலிவ் எண்ணெயில்தான் சோப்பு காய்ச்சினார்கள். தேவை பெருகியபோது ஆலிவ் போதவில்லை. 1840-களிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து நிலக்கடலை கப்பல் கப்பலாக மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. செனகல் புதுச்சேரிக்குப் புதிய இடமல்ல. புதுச்சேரியில் நீலம் தோய்த்த ‘கினி’ துணி அதற்கு முன்பே செனகல் கரைக்குப் போய், அங்கே பிசினுக்கு மாற்றாகக் கைமாறிக்கொண்டிருந்தது. இரு கரைகளையும் அறிந்த பிரெஞ்சு வணிகர்களுக்கு, ஆப்பிரிக்காவில் விளைவது ஆற்காட்டு மண்ணிலும் விளையும் என்று புரிய நெடுநாள் ஆகவில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கடல்வழி பாதியாகக் குறுகியது போலாயிற்று.

ஆனால் கொட்டை விளைந்தது பிரெஞ்சு மண்ணில் அல்ல. புதுச்சேரிப் பகுதி சிறியது. அதுவும் ஒரே பரப்பாக இல்லாமல், பிரிட்டிஷ் ஊர்களுக்கு நடுவே துண்டுதுண்டாகக் கிடந்தது. மணிலாவுக்கு ஏற்ற செம்மண், மணல் கலந்த மானாவாரி நிலங்கள் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, திருக்கோவிலூர் வட்டாரங்களில் இருந்தன. ஒரு கொடியின்கீழ் விளைந்ததை இன்னொரு கொடியின்கீழ் ஏற்றுமதி செய்ததுதான் இந்த வாணிகத்தின் பலம். அதன் பலவீனமும் அதுவே.

முதலில் மாட்டு வண்டிகள் சுமந்தன. 1879 டிசம்பரில் விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை திறந்தது. வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர் வழியாக வந்த ஏறத்தாழ 38 கி.மீ. பாதை அது. உள்நாட்டு விளைச்சல் நேரே கடற்கரைக்கு இறங்கியது. அந்தக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த சலங்குப் படகுகளில் மூட்டைகளை ஏற்றி, அலைகளைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1866-இல் அமைந்த இரும்புக் கடற்பாலம் இந்த வேலையை ஓரளவு எளிதாக்கியது. முதலுக்கும் வழி பிறந்தது. 1875-இல் பாரிசில் தொடங்கிய இந்தோசீனா வங்கி புதுச்சேரியில் கிளை திறந்தது. அந்தப் பணத்தை வணிக நிறுவனம் தரகருக்குக் கொடுக்க, தரகர் ஊர் வியாபாரிக்குக் கொடுக்க, கடைசியில் அது முன்பணமாக உழவர் கைக்கு வந்தது. முன்பணம் வாங்கியவர் விளைச்சலைக் கொடுத்தவருக்கே அளக்க வேண்டும். விதைக்கும் முன்பே விலையில் பாதி பேசி முடிந்துவிடும்.

இந்த வாணிகத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது தோலுரிப்பு. செனகல் கடலை தோலோடு மார்செய் போனது. சோழமண்டலக் கரையின் கடலையோ பருப்பாகப் போனது. தோல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. அடைக்கும் இடமோ அதைவிட மிக அதிகம். நீண்ட கடல்வழிக்கு அந்தக் கப்பல் கூலி கட்டாது. பெண்கள் உட்கார்ந்து கையால் உரித்தார்கள். உரிக்க எளிதாக இருக்கவும் எடை கூடவும் கொட்டையை முன்கூட்டியே நனைத்தார்கள். ஈரப் பருப்பு கப்பலின் அடித்தட்டு வெப்பத்தில் புழுங்கி, காறல் அடித்துப் போய்ச் சேர்ந்தது. அதனால் அந்த எண்ணெய் உணவு மேசைக்கு ஏறாமல் பெரும்பாலும் சோப்புக் கொப்பரைக்கே போனது. விலையும் அதற்கேற்பக் குறைந்தது. உரிக்கும் எந்திரங்கள் பரவிய பிறகே தரம் மெல்ல உயர்ந்தது. நனைத்த கூலிக்காரர் மேலும் உழவர் மேலும் பழி போடுவது எளிது. எடைக்கு மட்டும் பணம் கொடுத்து, தரத்துக்குக் கொடுக்காத கொள்முதல் முறைதான் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

1890-களில் விளைச்சல் படுத்தது. ஒரே விதையைத் திரும்பத் திரும்ப விதைத்ததில் அது தரம் கெட்டது. இலைப்புள்ளி நோயும் சேர்ந்துகொண்டது. ஏற்றுமதி சரிந்தது. ‘மொரீஷியஸ்’ என்று வழங்கிய புதிய விதை வந்த பிறகே மணிலா மீண்டும் தழைத்தது. 1905-இல் பண்ணுருட்டிக்கு அருகே பாலூரில் அரசு வேளாண் பண்ணை அமைந்தது. பின்னாளில் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. 2 என்ற ரகம் (1940) இந்தியா முழுவதும் பரவியது.

மீண்டு வந்த வாணிகம் புதுச்சேரியின் கையில் முழுதாக இல்லை. ராலி, வோல்கார்ட் போன்ற பெரும் நிறுவனங்கள் உள்ளூர்களிலேயே கொள்முதல் செய்து, கடலூர், சென்னை வழியாகவும் அனுப்பின. 1914-இல் போர் மூண்டதும் மார்செய் வாங்குவதை நிறுத்த, தென் ஆற்காட்டு ஊர்களில் விலை விழுந்தது. 1930-களின் உலகப் பெருமந்தத்தில் மறுபடி விழுந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபோது சந்தையே அற்றுப்போனது. மறு ஆண்டு பிரெஞ்சு இந்தியா பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தது; 1949-இல் அதுவும் முறிந்தது. 1952 புயலில் பழைய கடற்பாலம் இடிந்து கடலில் விழுந்தது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தபோது, உள்நாட்டு எண்ணெய்த் தேவையே மணிலாவை விழுங்கிக்கொண்டிருந்தது.

முன்பணப் பிடியிலிருந்து உழவரை விடுவிக்கச் சென்னை மாகாணம் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றியிருந்தது. அந்த வழியில் வந்ததே ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். புதுச்சேரிக்கான விற்பனைக்கூடம் நகருக்கு வடமேற்கே, உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட தட்டாஞ்சாவடியில் இருக்கிறது. நெல்லும் மணிலாவும் இங்கே மூட்டையாக வந்து, பலர் பார்க்கத் தராசில் ஏறி, வியாபாரிகளின் ஏலத்துக்குப் போகின்றன. கேட்ட விலை பிடிக்காவிட்டால் உழவர் விற்காமல் மூட்டையை வைத்துக்கொள்ளலாம். மார்செய்க்குக் கப்பல் ஏற்றிய காலத்தில் முன்பணம் வாங்கியவருக்கு இல்லாத உரிமை அது.