பதினோராம் எண் கூண்டு சொல்வது என்ன?

கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாக வரும் செய்தியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். எண் பெரிதானால் புயலும் பெரிது என்றுதானே நினைக்கிறோம்? அப்படியானால், யாவற்றிலும் பெரிய எண்ணான 11 எதைக் குறிக்கும்?

1864 அக்டோபரில் ஒரு பெரும் புயல் கல்கத்தாவைத் தாக்கிப் பல்லாயிரம் பேரைப் பலிகொண்டது. மறு ஆண்டே அங்கு துறைமுக எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. 1898 ஏப்ரலில் எல்லாத் துறைமுகங்களுக்கும் பொதுவான அடையாள முறை வந்தது. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

1, 2 எண்கள் தொலைவிலுள்ள புயல் சின்னத்தைக் குறிப்பவை. 3, 4 துறைமுகத்துக்கே வரக்கூடிய மோசமான வானிலையைக் குறிப்பவை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. 5க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு புயலின் வலிமை அன்று, அதன் பாதை. புயல் செல்லும் பாதைக்குத் துறைமுகம் இடப்புறம் இருந்தால் 5, வலப்புறம் இருந்தால் 6, துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடந்தால் 7.

கிழக்கிலிருந்து வரும் புயல் சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் கரை கடந்தால், கடலூர் வலப்புறம் அமையும். காற்று கடலிலிருந்து வீசி நீரைக் கரைமேல் தள்ளும். புதுச்சேரியில் கடந்தால், கடலூரில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். இவ்விரு ஊர்களுக்கும் இடைத்தொலைவு சுமார் 50 கிலோமீட்டரே. ஒரு நாள் முன்னதாகக் கணிக்கும்போது அந்த அளவு பிசகுவது இயல்பு. ஆகவேதான் 2009 முதல் நம் வானிலைத் துறை புயலின் பாதையை ஒற்றைக் கோடாக மட்டும் வரையாமல், போகப் போக அகலும் கூம்பாகவும் காட்டுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் அருகே கரை கடந்தபோதும் இம்முறை நடப்பில் இருந்தது.

இனி 11க்கு வருவோம். வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது. மோசமான வானிலை வரக்கூடும் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார். இதுவே அதன் பொருள். தகவல் இல்லை என்பதையும் ஒரு தகவலாக்கியது இந்த எண்.

இன்று செயற்கை நுண்ணறிவும் புயலைக் கணிக்கிறது. 2024 டிசம்பரில் வெளியான ‘ஜென்காஸ்ட்’ என்னும் முறை ஒரே விடையைச் சொல்வதில்லை. ஐம்பது அல்லது அதற்கும் மேற்பட்ட வெவ்வேறு வாய்ப்புகளைக் கணக்கிட்டுத் தருகிறது. அவற்றுள் பத்தில் மட்டும் புயல் கடலூருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அதை வாங்கும் மற்றோர் இயந்திரம் “புயல் வரும்” என்றோ “வராது” என்றோ சுருக்கிவிட்டால், கரையில் இருப்பவருக்குப் போய்ச் சேருவது பொய்யே. தகவல் கைமாறும் ஒவ்வொரு படியிலும், அது எவ்வளவு உறுதியானது என்பதும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

தெரியாதபோது இயந்திரம் மௌனம் காப்பதும் தவறு, தெரிந்ததுபோல் பேசுவதும் தவறு. அதற்கும் ஒரு பதினோராம் கூண்டு தேவை அல்லவா?