சிறுகாய்ப் பூசணி வகைகள் (ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார வீட்டுத் தோட்டம்)

பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த கொடிகளில், சிறிய புறவாசலிலோ மொட்டைமாடியிலோ வளர்க்கத் தோதான, காய் சிறுத்த ரகங்களைச் சிறுகாய் வகைகள் என்கிறோம். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களின் மண்ணையும் பருவத்தையும் ஒட்டி அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விவரிக்கிறது. மஞ்சள் பூசணி இங்கே பூசணிக்காய் என்றும் பரங்கிக்காய் என்றும் வழங்கும். வெள்ளைப் பூசணிக்குத் தெற்கே தடியங்காய் என்று பெயர்.

கொடியா, காயா?

இடம் குறைவு என்றதும் பலரும் தேடுவது கொடி ஓடாத செடியை. பூசணி இனத்தில் அப்படிப்பட்ட செடி உண்டு. கடைகளில் சுக்கினி என்ற பெயரில் விற்கும் காயின் செடி, கொடி வீசாமல் புதராக நிற்கும். வட இந்தியாவில் சப்பன் கத்து எனப்படுவதும் இந்த இனம்தான். பூசா அலங்கார், ஆஸ்திரேலியன் கிரீன், பஞ்சாப் சப்பன் கத்து 1 ஆகியவை அதன் இந்திய ரகங்கள். மலைப்பகுதிகளிலும், வடக்கே குளிர் விலகும் மாதங்களிலும் இவை நன்றாகக் காய்க்கும். அடிவார வெயிலில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. வெப்பம் ஏற ஏற ஆண் பூவே மிகுந்து பெண் பூ குறைவது பூசணிக் குடும்பத்தின் இயல்பு. மார்கழி, தை மாதங்களில் ஆசைக்கு ஒரு தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். வீட்டுக் கறிக்கு அதை நம்ப முடியாது.

நம் ஊர்ப் பூசணி, சுரை, பீர்க்கு, புடலை எல்லாமே ஓடும் கொடிகள். கொடியைக் குறுக்குவதைவிட அது ஓட வழி காட்டிவிட்டு, காயின் அளவையும் பயிரின் நாளையும் பார்த்து ரகம் எடுப்பதே சரியான வழி. கொடிக்கு மாடிக் கைப்பிடிச் சுவர், தகரக் கூரை, கொச்சக்கயிறு கட்டிய பந்தல் எதுவும் போதும். நிலத்தில் அதற்கு வேண்டியது ஒரு குழிதான்.

மஞ்சள் பூசணி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகத்தில் ஒரு காய் 7 முதல் 8 கிலோ வரை இருக்கும். பயிர்க்காலம் 175 நாள். கோ 2 காய் ஒன்றரை முதல் 2 கிலோ, காலம் 135 நாள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சூர்யமுகி இன்னும் சிறியது: தட்டையான உருண்டை, ஆரஞ்சுத் தோல், ஏறத்தாழ 1 கிலோ எடை, சுமார் 100 நாள் பயிர். அதே நிறுவனத்தின் அர்க்கா சந்தன் 2 முதல் 3 கிலோ வரை போகும்.

முழுப் பூசணி மாதக்கணக்கில் கெடாது. அறுத்துவிட்டால் இரண்டொரு நாளில் தீர்க்க வேண்டும். சந்தையில் கீற்றுப் போட்டு விற்பது அதனால்தான். நாலு பேர் உள்ள வீட்டில் 8 கிலோ காயை அறுத்தால் பாதி பக்கத்து வீடுகளுக்குத்தான் போகும். கோ 2 காய் ஒரு கூட்டுக்கும் ஒரு புளிக்குழம்புக்கும் அளவாக இருக்கும்.

நாள் கணக்கை ஊர்ப் பருவத்தோடு பொருத்தினால் தேர்வு தெளிவாகும். ஆடிப் பட்டத்தில் ஊன்றிய 175 நாள் கொடி பொங்கலை ஒட்டி முற்றும். பெரிய காய்க்கும் பொங்கலுக்கும் உள்ள பழைய உறவு இந்தக் கணக்கில் அடங்கும். கோ 2 பொங்கலுக்கு வேண்டுமென்றால் ஆவணி நடுவில் விதைக்க வேண்டும். அப்போது பூக்கும் காலம் ஐப்பசி அடைமழையில் சிக்கும். தேனீ வராது, கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். தைப் பட்டத்துக்கு அர்க்கா சூர்யமுகியே மேல். தை முதலில் விதைத்தால் சித்திரை நடுவுக்குள் காய் இறங்கிவிடும். அதே நாளில் விதைத்த கோ 2 அக்னி நட்சத்திர வெயிலில் நின்று தண்ணீர் கேட்கும். கோடையில் குடத்துத் தண்ணீரை எண்ணிச் செலவிடும் வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

பிற காய்கள்

மஞ்சள் பூசணி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். பீர்க்கு நமக்குப் பழையது. சங்கப் பாடல்களில் பசலை நிறத்துக்கு உவமையாக வருவது அதன் பூ. வீட்டுத் தோட்டத்தில் புதியதும் பழையதும் ஒரே பந்தலுக்குப் போட்டியிடும்.

புடலையில் தேர்வு எளிது. கோ 1, பெரியகுளத்தின் பி.கே.எம் 1 ஆகியவற்றின் காய்கள் 160 முதல் 180 சென்டிமீட்டர் வரை நீளும். ஆறடிப் பந்தலில் நுனி தரையைத் தொடும். நேராக வளரக் கல் கட்டவும் வேண்டும். மதுரையின் எம்.டி.யூ 1 இரண்டடிக்குச் சற்று மேல். கோ 2 ஒரு முழத்துக்கும் குறைவு, சுமார் 30 சென்டிமீட்டர். ஜன்னல் கம்பியில் ஏற்றினாலும் தொங்க இடமிருக்கும். மாடித் தோட்டத்துக்கு ஒரே ஒரு கொடிதான் என்றால் நான் சொல்வது இதைத்தான்.

ரக எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. பூசணி, தடியங்காய், புடலை மூன்றிலும் கோ 2 சிறுகாய். பீர்க்கில் கோ 2தான் 90 முதல் 100 சென்டிமீட்டர் நீளும் பெருங்காய். கோ 1 அதைவிடக் குட்டை. ‘கோ 2 விதை கொடுங்க’ என்று மட்டும் கேட்பவர் எதையாவது வாங்கி வருவார்.

தடியங்காய் கோ 2 சுமார் 3 கிலோ. பந்தலில் ஏற்றினால் காய்க்கு உறி கட்டித் தாங்க வேண்டும். பாகலில் மிதிபாகல் போதும். காய் சிறியது, வற்றலுக்கும் உகந்தது.

மண், காற்று, பூ

அடிவாரத்தில் செம்மண்ணும் கிழக்கே போகப் போகக் கரிசலும் மிகும். கரிசலில் குழியைப் பள்ளமாக விடாமல் மேடு கட்டி விதைக்க வேண்டும். தண்ணீர் நின்றால் தண்டின் அடி அழுகும். ஓர் அடி ஆழ, அகலக் குழியில் தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாளில் நல்ல இரண்டை மட்டும் விட்டுவிடலாம். மாடியில் அரை டிரம்முக்கு ஒரு கொடி.

ஆடிக் காற்று மலைப் பக்கமிருந்து அடிப்பதால் பூசணியின் அகன்ற இலை கிழியும். வீட்டுக்குக் கிழக்கே இடமிருந்தால் அங்கே வைப்பது நல்லது. சுவரே காற்றை மறித்துவிடும்.

கொடியில் முதலில் வருவது ஆண் பூ. அது உதிர்வதைப் பார்த்துக் கொடி மலடு என்று பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. பூவின் அடியில் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. பூசணிப் பூ விடியலில் விரியும். வெயில் ஏறுமுன் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவினால் காய் பிடிக்கும். பீர்க்கும் புடலையும் அந்தியில் விரிவதால் அவற்றுக்கு இந்த வேலை மாலையில். மார்கழிக் கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்கு ஆண் பூவையே பறித்தால் விளைச்சல் குறையாது. ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பூவுக்குத் தேவை உண்டு. அதற்கென்று புரட்டாசியில் ஒரு குழி தனியாகப் போடலாம்.

பழ ஈ பிஞ்சில் முட்டையிடும். புழு காயிலிருந்து இறங்கி மண்ணில் கூட்டுப்புழுவாகும். வெம்பி விழுந்த பிஞ்சைக் குப்பையில் போடாமல் ஆழப் புதைப்பதும், நல்ல பிஞ்சைக் காகிதத்தால் சுற்றுவதும் வீட்டளவில் போதுமானவை. அர்க்கா சூர்யமுகி பழ ஈயைத் தாங்கும் ரகம். இலையில் சாம்பல் நோய் கண்டதும் கந்தகத் தூளைத் தூவுவது வழக்கம். ஆனால் பூசணிக் குடும்பத்து இலைகள் அதில் கருகிவிடும் என்பதால் இங்கே அது கூடாது.

விதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்தாலும் அது பருத்திக்கானது, எஸ்.வி.பி.ஆர் என்று தொடங்கும் பருத்தி ரகங்கள் அங்கே உருவானவை. கோ ரகங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தவை. வீட்டிலேயே விதை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பக்கத்து வீட்டில் பெரிய காய்ப் பூசணி இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும், அந்த விதையில் வரும் அடுத்த தலைமுறைக் காய் சிறுகாயாக இருக்கும் என்ற உறுதி இல்லை. தடியங்காயும் மஞ்சள் பூசணியும் ஒன்றோடொன்று கலக்காது. விதைக்காக விடும் பெண் பூவையும் ஓர் ஆண் பூவையும் முதல் நாள் மாலையே நூலால் கட்டி, விடிந்ததும் அவிழ்த்துக் கையால் சேர்த்து, மறுபடி பெண் பூவைக் கட்டிவிட வேண்டும். அந்தக் காயின் காம்பில் ஒரு துணியைச் சுற்றிவைத்தால் சமையலுக்குப் பறித்துவிட மாட்டார்கள்.