பத்து ஹிடுப்: மலாக்கா வட்டாரத்தின் வளரும் கற்கள்

மலாக்காவின் அலோர் காஜா வட்டாரத்திலும், அதை ஒட்டி நெகிரி செம்பிலானில் உள்ள தம்பின், லிங்கி ஆற்றுப் பகுதிகளிலும் காணப்படும் நெடுங்கற்களை மலாய்க்காரர்கள் ‘பத்து ஹிடுப்’, அதாவது உயிருள்ள கல், என்பர். இவை பெரும்பாலும் இணை இணையாக நிற்கும். இவற்றை யாரும் நடவில்லை, மண்ணிலிருந்து தானாக முளைத்தவை, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன என்பது கம்பத்து (மலாய்க் கிராம) நம்பிக்கை. பிற்காலத்தில் முபின் ஷெப்பர்ட் என்று அறியப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி, அலோர் காஜா கற்களைப் பற்றி 1936இல் எழுதிய கட்டுரைக்கு இந்தப் பெயரையே தலைப்பாக வைத்தார்.

கதை செறிந்த இடம் மாநில எல்லைக்கு அப்பால், லிங்கி ஆற்றருகே உள்ள பெங்காலான் கெம்பாஸ். அங்கே அகமது மஜ்னுன் என்பவரின் சமாதி இருக்கிறது. அதன் கல்வெட்டு ஒருபுறம் பழைய காவி எழுத்திலும் மறுபுறம் அரபு வடிவ ஜாவி எழுத்திலும் பொறிக்கப்பட்டது; காலம் ஏறத்தாழ 1467. பக்கத்தில் நிற்கும் மூன்று செதுக்குக் கற்களுக்கு வாள், சுக்கான், கரண்டி என்று பெயர். மூன்றும் அந்தப் பெரியவரின் உடைமைகளாம், கல்லாகிவிட்டனவாம். வாள் கல்லில் ‘அல்லாஹ்’ என்ற சொல் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. அதே வளாகத்தில் துளையுள்ள கல் ஒன்றும் உண்டு. சத்தியம் செய்பவர் துளைக்குள் கையை விட வேண்டும். பொய்யென்றால் துளை இறுகிக் கையைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். வழக்கு மன்றத்துக்குப் போகாமலே பல தகராறுகளை அடக்கிவைக்க இப்படி ஒரு கல் போதும்.

கற்களின் காலம் தீராத வழக்கு. வரலாற்றுக்கு முற்பட்டவை என்பது ஒரு கட்சி. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலும் இத்தகைய நெடுங்கற்கள் இருப்பதாலும், அலோர் காஜா வட்டாரத்து நானிங்கிலும் நெகிரி செம்பிலானிலும் குடியேறியவர்கள் மினாங்கபாவ் மக்கள் என்பதாலும், கற்களும் அவர்களோடு வந்திருக்கலாம் என்பது மறுகட்சி. பெங்காலான் கெம்பாஸில் கல் முந்தியதா எழுத்து முந்தியதா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததே.

இக்கற்களின் அக்கம்பக்கத்தில்தான் ‘ஓராங் புனியான்’ எனப்படும் மறைந்து வாழும் மக்களின் உலகமும் இருக்கிறது. மலையிலும் காட்டிலும் நம்மைப் போலவே குடும்பம் நடத்தும் இவர்கள் கண்ணுக்குப் புலப்படமாட்டார்கள். மலாய் நாட்டின் பல கிராமாட்டுகளில் (புனிதத் தலங்களில்) விருந்துக்குத் தட்டும் கிண்ணமும் இரவல் கிடைத்ததாகவும், யாரோ ஒருவர் திருப்பித் தராததால் அந்த வழக்கம் நின்றதாகவும் சொல்வார்கள். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஃபிரென்ஷம் ஊர்க் கதையும் இதுவே: குன்றின் மேல் இருந்த பெரிய கல்லைத் தட்டிக் கேட்டால் தேவதைகள் அண்டா இரவல் தருவார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஆப்ரி இதை எழுதிவைத்தார்.

தோட்டத் தமிழருக்கு நட்ட கல் புதிதல்ல. 1896இல் சீனரான டான் சே யான் மலாக்காவில் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. பால்மரக் காட்டோரம் ஒரு கல்லும் சூலமும் வைத்து முனியாண்டியைக் கும்பிடும் பழக்கம் தமிழரோடு வந்தது. கற்திட்டையைக் குள்ளர் வீடு என்றும் முதுமக்கள் புதைகுழியைப் பாண்டவர் குழி என்றும் சொன்ன ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

இவை இன்றும் நிற்கும் கற்கள்; காணாமற்போன கல் என்றால் சிங்கப்பூர்க் கல்லைத்தான் சொல்ல வேண்டும். அது வரலாற்றுக்கு முற்பட்டதல்ல, எழுத்துப் பொறித்த மணற்பாறை. ஆனால் கதை பெரிது. மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ கூறுவது: படாங் என்ற அடிமை தன் மீன்பொறியைக் கொள்ளையடித்த பூதத்தைப் பிடித்து, அதன் வாந்தியைத் தின்று பலசாலியானான். கலிங்கத்திலிருந்து வந்த மல்லன் ஏழு கப்பல் சரக்கைப் பந்தயம் வைத்தான். அரண்மனை முன் கிடந்த பாறையை மல்லனால் முழங்கால் வரைதான் தூக்க முடிந்தது. படாங் அதைத் தூக்கி சிங்கப்பூர் ஆற்று முகத்தில் எறிந்துவிட்டான். 1819இல் அங்கே காட்டைத் திருத்தியபோது கண்ணில் பட்ட கல்வெட்டுப் பாறையை இந்தக் கதையோடு இணைத்தார்கள்.

1843இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். மலாக்காவில் 1796இல் பிறந்து தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, தம் சுயசரிதையில் அச்செயலை வெளிப்படையாகக் கண்டித்தார். துண்டுகள் சில கல்கத்தாவுக்குப் போயின. ஒரு துண்டு சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இதுவரை யாரும் ஐயமறப் படித்ததில்லை.