பூச்சியம் சொல்லும் வரலாறு

தம்பி தங்கைமாரே, குரோய்டனில் ரயிலேறி விக்டோரியாவில் மாறினால் சவுத் கென்சிங்டன். அங்குள்ள இம்பீரியல் கல்லூரியில் 2011இல் இலத்திரன் எவ்வளவு உருண்டை என்று அளந்தார்கள். அதைச் சூரியக் குடும்பம் அளவுக்குப் பெருப்பித்தாலும் கோணல் ஒரு தலைமுடி அகலத்தைத் தாண்டாதாம்!

இந்தத் தேடல் 1950இல் தொடங்கியது. துகளுக்குள் நேர்மின்னும் எதிர்மின்னும் சற்று விலகி நிற்பதே மின்னிருமுனைத் திருப்புதிறன். அது இருக்கவே முடியாது என்று பலரும் நம்பினார்கள். பரிசோதிக்காமல் நம்பக்கூடாது என்றார்கள் பர்செலும் ராம்சேயும், நியூத்திரனில் தேடினார்கள்.

இதில் என்ன இருக்கிறது? பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகவே இருந்திருந்தால் ஒன்றையொன்று அழித்திருக்கும். நாம் மிஞ்சியதன் காரணத்துக்கு இந்தக் கோணல் ஒரு தடயமாகலாம்.

அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடம் ரேடியம்-225ஐ எடுத்தது. அதன் கரு பேரிக்காய் வடிவம். கோணல் இருந்தால் பாதரசத்தைவிடப் பல நூறு மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது கணிப்பு. ஆனால் ஏறத்தாழ 15 நாளில் பாதி சிதைந்துவிடும், கிடைப்பதும் சொற்பம். ஆகவே லேசர் ஒளியால் அணுக்களின் வேகத்தைக் குறைத்து, 2007இல் பிடித்து வைத்தார்கள். 2015இல் முதல் அளவீடு வந்தது.

விடை பூச்சியம்தான். இதுவரை இலத்திரனிலும் நியூத்திரனிலும் அதே விடை. என் ஐடி வேலையில் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று அறிக்கை கொடுத்தால் யாருக்கும் பிடிக்காது. இங்கே ஒவ்வொரு பூச்சியமும் சில கோட்பாடுகளைத் தள்ளிவிடுகிறது. தேட வேண்டிய இடம் சுருங்குகிறது. ஏ லெவல் பௌதிகம் படிப்பவர்களே, மிச்ச இடம் உங்களுக்கு.