முதல் 512 பைட்டுகள்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என்னிடம் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் இருந்தது. அதில் விண்டோஸ், உபுந்து லினக்ஸ் இரண்டையும் போட்டிருந்தேன். ரிப்போர்ட் எழுத விண்டோஸ், புரோகிராமிங் பாடத்துக்கு உபுந்து. இடம் போதவில்லை என்று ஒருநாள் விண்டோஸில் இருந்தபடியே உபுந்துவின் பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். மறுபடி ஆன் செய்தபோது கறுப்புத் திரை. அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே ‘கிரப் ரெஸ்கியூ’. மறுநாள் காலை ரிப்போர்ட் அனுப்பியாக வேண்டும்.

விடுதியில் எதிர் அறை சீனியரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, எல்லாமே போச்சா?”

“ஒன்னும் போகல தம்பி. விண்டோஸ் அப்படியேதான் இருக்கு. அதுக்கு வழி சொல்ற ஆளத்தான் நீ அழிச்சிட்ட.”

விண்டோஸ் டிஸ்க்கைப் போட்டு இரண்டு கட்டளைகள் அடித்தார். ஐந்து நிமிட வேலை. கூலி, மாமாக் கடையில் ஒரு தே ஆயிஸ்.

அந்த ‘வழி சொல்ற ஆள்’ யாரென்று தேடப் போனபோதுதான் இந்த வரலாறு எனக்குத் தெரிய வந்தது.

1983இல் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி கணினியை 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் வெளியிட்டது. கூடவே வந்த டாஸ் 2.0, அந்த டிஸ்க்கை நான்கு பார்ட்டிஷன் வரை பிரிக்க வழி செய்தது. ஒரே டிஸ்க்கில் வேறு வேறு இயங்குதளங்களை வைக்கலாம் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. ஆனால் வாசல் ஒன்றுதான். டிஸ்க்கின் முதல் செக்டர், வெறும் 512 பைட்டுகள். அதில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு, 64 பைட்டுகள் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கு. கணினியை ஆன் செய்ததும் பயாஸ் அந்த நிரலை நினைவகத்தில் ஏற்றிக் கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிடும். எழுதியது யார் என்று கேட்காது. அதனால் கடைசியாக எழுதியவர் கையில்தான் சாவி. விண்டோஸ் 95ஐ நிறுவினால் ஏற்கெனவே அங்கிருந்த நிரல் போய்விடும். 446 பைட்டுகளில் முழு மெனுவையும் அடைக்க முடியாது என்பதால், கிரப் போன்ற துவக்கிகள் முதல் படியை மட்டும் அங்கே வைத்துவிட்டு மீதியை லினக்ஸ் பார்ட்டிஷனில் வைத்தன. நான் அழித்தது அந்த மீதியைத்தான்.

லினக்ஸே இப்படி இரண்டு இயங்குதளங்கள் இருந்த கணினியில் பிறந்ததுதான். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தன் 386 கணினியில் மினிக்ஸை வைத்துக்கொண்டே லினக்ஸை எழுதினார். ஒருநாள் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பி மினிக்ஸ் பார்ட்டிஷனைக் கெடுத்துக்கொண்டார். மினிக்ஸை மறுபடி போடாமல் லினக்ஸிலேயே தொடர்ந்தார். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்தது பீ நிறுவனத்தின் கதை. ஆப்பிளில் உயர் பதவியில் இருந்த ஜான் லூயி காஸே 1990இல் தொடங்கியது அது. அவர்களுடைய பீஓஎஸ் ஒலி, காணொளி வேலைகளில் வேகமானது என்று பெயர் வாங்கியது. 1998இல் இன்டெல் கணினிகளுக்கும் வந்தது. விண்டோஸை எடுத்துவிடுங்கள் என்று காஸே கேட்கவில்லை. ஆன் செய்ததும் பயனர் கண்ணில் படுகிற மாதிரி விண்டோஸுடன் சேர்த்து வையுங்கள், இலவசமாகவே தருகிறேன் என்றார். ஜப்பானில் ஹிட்டாச்சி தன் ஃப்ளோரா பிரியஸ் கணினிகளில் இரண்டையும் போட்டு விற்றது. ஆனால் பூட் மெனு இல்லை. நேராக விண்டோஸ்தான் திறக்கும். பீஓஎஸ் டிஸ்க்கிலேயே இருந்தும், அதைத் திறக்கப் பயனர் தனியாகச் சில வேலைகள் செய்யவேண்டும். அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே செய்வார்கள்!

கணினித் தயாரிப்பாளர்களோடு மைக்ரோசாஃப்ட் போட்டிருந்த உரிம ஒப்பந்தங்கள்தான் இதற்குக் காரணம் என்பது பீயின் குற்றச்சாட்டு. 2001இல் பீயின் சொத்துகளைப் பாம் நிறுவனம் சுமார் 1.1 கோடி டாலருக்கு வாங்கியது. 2002இல் பீ வழக்குத் தொடுத்தது. 2003இல் மைக்ரோசாஃப்ட் 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. பீஓஎஸ் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. மென்பொருள்கள் குறைவு, பணமும் குறைவு. ஆனாலும் ஒருத்தர் கண்ணில் படாமலே தோற்பதை முழுத் தோல்வி என்று என்னால் எழுத முடியவில்லை.

இன்று அந்த 512 பைட் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்துவிட்டது. அதில் ஒவ்வோர் இயங்குதளமும் தன் துவக்கியைத் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றை ஒன்று அழிக்கத் தேவையில்லை. ஆனால் 2012இல் விண்டோஸ் 8உடன் செக்யூர் பூட் பரவலானது. கையொப்பம் சரியாக இருக்கும் துவக்கியைத்தான் கணினி ஏற்கும். தீநிரல்களைத் தடுக்க அது தேவைதான். ஆனால் பெரும்பாலான கணினிகளில் இருக்கும் சாவி மைக்ரோசாஃப்ட்டுடையது. அதனால் உபுந்து, ஃபெடோரா போன்றவை தங்கள் முதல் நிரலுக்கு மைக்ரோசாஃப்ட்டிடம் கையொப்பம் வாங்கி வருகின்றன. சாதாரணக் கணினிகளில் செக்யூர் பூட்டை அணைக்க வழி இருக்கவேண்டும் என்று அப்போதைய விண்டோஸ் சான்றிதழ் விதியிலேயே இருந்தது. ஏஆர்எம் சாதனங்களுக்கு அந்த வழியும் அப்போது இருக்கவில்லை.

வேலையிடத்தில் கொடுத்த லேப்டாப்பில் பயாஸுக்குக் கடவுச்சொல் உண்டு. அது ஐடி பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். அதில் நியாயம் இருக்கிறது, அது என் கணினி இல்லை. வீட்டில் அந்தப் பழைய லேப்டாப் இன்னும் ஓடுகிறது. உபுந்துவை மறுபடி போட்டுவிட்டேன். ஆன் செய்தால் மெனு வந்து 10 விநாடி நிற்கும். தம்பிக்கு அது பொறுக்காது. “இத எடுத்துடேன், நேரா விண்டோஸ் போவட்டும்” என்பான்.

இதுவரை எடுக்கவில்லை.