வேலியில்லாத் தோட்டம்



தானியேலின் புஸ்தகத்தைச் சில வாரங்களாகத் தியானித்து வருகிறோம். ஆறாம் அதிகாரத்தை முடித்த ஞாயிறன்று, ஆராதனைக்குப் பின் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் அப்போது வாசித்துக்கொண்டிருந்த ஆங்கில நாவல் ஒன்றில், பழைய பாபிலோனை ஒத்த ஒரு கற்பனை ராஜ்யம் வருகிறதாம். அங்கே ஒரு மந்திரி. ராஜா எத்தனை முறை தவறினாலும் அவனை விட்டு விலகாதவர். "ஐயா, இப்படிப்பட்ட ஆலோசகர்கள் கதையில்தான் உண்டா, மெய்யாகவும் இருந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். தானியேல் இருக்கிறாரே என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அவருக்குச் சிங்கத்தின் வாயைக் கட்டத் தூதன் வந்தான். நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் யாராவது உண்டா?" என்றார். நல்ல கேள்வி. அன்று அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுத விரும்புகிறேன்.

அந்த நாவலாசிரியர் தம் கதையை வெறுங்கையால் புனையவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரு நதிகளுக்கு இடைப்பட்ட அந்தத் தேசத்தின் பழங்கதைகளில் உண்மையுள்ள மந்திரிக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. சுமேரியர் களிமண் பலகைகளில் எழுதிவைத்த ஒரு கதையில், இனன்னா என்னும் தேவதை பாதாளத்துக்கு இறங்கிப்போகுமுன் தன் மந்திரியான நின்ஷுபூரிடம், தான் திரும்பாவிட்டால் செய்யவேண்டியவற்றைச் சொல்லிவிட்டுப் போகிறாள். மூன்று பகலும் மூன்று இரவும் கடந்தபின் நின்ஷுபூர் துக்க வஸ்திரம் தரித்து, ஒரு தேவனின் வாசலில் மறுக்கப்பட்டு அடுத்த வாசலுக்குப் போய், மூன்றாம் வாசலில் உதவி பெறுகிறாள். அசீரியரின் காலத்தைப் பற்றி வழங்கிய இன்னொரு கதை அகிகாருடையது. வேதத்தில் நாம் வாசிக்கிற சனகெரிப், எசரத்தோன் ஆகிய ராஜாக்களின் ஆலோசகராக அவர் அதில் வருகிறார். பிள்ளையில்லாத அவர் சகோதரியின் மகனை வளர்த்துத் தம் பதவிக்குப் பழக்குகிறார். அவனோ ராஜாவிடம் பொய் சொல்லி அவருக்கு மரண தண்டனை வாங்கித் தருகிறான். எகிப்தின் எலிபாந்தினித் தீவில் கிடைத்த, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரமேயிக் காகிதச்சுருள்களில் இக்கதை இருக்கிறது. நம் சபைகளில் வாசிக்கப்படாத தோபித்து ஆகமமும் அவர் பெயரைச் சொல்கிறது.

இவை இருக்கட்டும். வாலிபர் கேட்டது பக்கத்தில் ஒருவரை. நம் நெய்வேலியிலிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூருக்குப் போகிறோமே, அந்தக் கடலூர்த் துறையில் 1750ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு கப்பலிலிருந்து இறங்கினார் அவர். வயது இருபத்துமூன்று. கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்பது பெயர். பிரஷ்ய நாட்டின் சொன்னென்பர்க் என்னும் சிற்றூர்க்காரர். ஹாலே நகரில் படித்தபோதே, தமிழ் வேதாகம அச்சுப்பணிக்கு உதவ வேண்டித் தமிழ் கற்கத் தொடங்கியவர். சென்னை சில ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டிருந்தபடியால், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையே அப்போது இக்கரையில் ஆங்கிலக் கம்பெனியாரின் தலைமையிடமாக இருந்தது. அங்கிருந்து அவர் தரங்கம்பாடி சேர்ந்தார். பின்பு திருச்சிராப்பள்ளி, அதன்பின் தஞ்சாவூர். நாற்பத்தெட்டு ஆண்டுகள் இந்நாட்டில் இருந்தார். தாய்நாட்டுக்கு ஒருமுறையும் திரும்பவில்லை; விவாகமும் செய்துகொள்ளவில்லை.

தஞ்சையை அப்போது ஆண்டவர் மராட்டிய மன்னர் துளஜாஜி. இருவரும் முதன்முதல் சந்தித்தது 1769இல். பாரசீகத்தில் மொழிபெயர்க்க வந்தவர் தடுமாறவே, தமிழிலேயே பேசும்படி மன்னர் கேட்டுக்கொண்டாராம். மன்னர் அவருடைய பேச்சை விரும்பினார்; அவர் பிரசங்கித்த கர்த்தரைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காகச் சுவார்ட்ஸ் ஐயர் அவரை விட்டு விலகவும் இல்லை, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடவும் இல்லை. 1773இல் நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்து மன்னரைச் சிறைவைத்ததும், 1776இல் அதே கம்பெனி அவருக்கு அரசைத் திருப்பிக் கொடுத்ததும் நீங்கள் சரித்திரப் பாடத்தில் வாசித்திருப்பீர்கள். திரும்பி வந்த துளஜாஜி பழைய துளஜாஜி அல்ல. பொக்கிஷம் காலி, மனமும் காலி.

1779இல் சென்னை அரசாங்கம் சுவார்ட்ஸ் ஐயரை மைசூர் ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பியது. கம்பெனியார் அனுப்பும் வேறு எவரையும் ஹைதர் நம்பத் தயாராயில்லை. இந்தக் கிறிஸ்தவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று அவர் சொன்னதாகவே மரபு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருக்கு மரியாதை கிடைத்தது. வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த பணத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் தூது பலிக்கவில்லை. மறு ஆண்டே ஹைதரின் சேனை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. 1781 ஜூலை முதல் நாள் நம் பரங்கிப்பேட்டையருகே பெரும் போர் நடந்தது. அந்தப் போர்க்காலம் முழுவதும், அந்தப் பாதிரியாரை எங்கும் தடுக்காமல் போகவிடுங்கள் என்று ஹைதர் தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். எதிரியின் பாசறையிலும் நம்பப்பட்ட மனிதர்! ஆயினும் அந்த நம்பிக்கை போரைத் தடுக்கப் போதவில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். நல்லவர் ஒருவரை முன்னே அனுப்பி அவருக்குப் பின்னால் அரசுகள் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்வது அன்றும் உண்டு.

அந்தப் போரில் தஞ்சைக் கோட்டை பட்டினியில் விழுந்தது. வீதியோரங்களில் காலையில் பிணங்கள் கிடந்த நாட்கள் அவை. சுற்றுவட்டாரத்தில் நெல் இல்லாமலில்லை. கொண்டுவர மாடும் ஆளும் இல்லை. ஏன் இல்லை? முன்பு கொண்டுவந்தவர்களுக்குக் கூலி கொடுபடவில்லை. அதிகாரிகளின் வாக்கை எவரும் நம்பவில்லை. கடைசியில் துளஜாஜி தம் அதிகாரிகளிடம், நாம் எல்லாரும் நாணயம் இழந்துவிட்டோம், ஜனங்கள் சுவார்ட்ஸ் ஐயரை நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்னும் கருத்தில் பேசி, அவருக்கு முழு அதிகாரம் கொடுத்தார். ஐயர் தம் பெயரில் சீட்டுகள் அனுப்பி, கூலிக்குத் தாமே பொறுப்பென்றார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. காரியம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் கூலி கொடுத்து, சிறு வெகுமதியும் கொடுத்து அனுப்பினார்.

இதை நான் பிரசங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என்னைத் தொடுவது அந்த நெல்லின் அளவு அல்ல, மன்னரின் வாய்மொழி. ஒரு ராஜா தம் ஊழியக்காரரின் முன்னிலையில், என் சொல்லுக்கு விலை போய்விட்டது என்று ஒப்புக்கொள்வது எளிதா? அப்படி ஒப்புக்கொள்ளத்தக்க ஒருவர் அவர் பக்கத்தில் இருந்தார். போருக்குப்பின் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடிகள் ஊரைவிட்டு ஓடிப்போனபோதும் இதுவே நடந்தது. ஐயர் வாக்குக் கொடுத்தழைத்ததும் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பிவந்து, பருவம் தப்பிப்போயிருந்தும் இரவும் பகலும் பாடுபட்டு விதைத்தார்கள்.

இனி வருவதுதான் எனக்கு எழுதக் கடினமான பகுதி.

1787இல் துளஜாஜி மரணப்படுக்கையில் இருந்தார். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த அவர், போன்ஸ்லே குலத்தின் வேறு கிளையிலிருந்து பத்து வயதுச் சிறுவன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்து, சரபோஜி என்று பெயரிட்டிருந்தார். சுவார்ட்ஸ் ஐயரை வரவழைத்துச் சிறுவனைக் காட்டி, இவன் இனி உம்முடைய மகன், உம் கையில் ஒப்புவிக்கிறேன் என்றார். ஐயர் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளையை வேலியில்லாத் தோட்டம்போல் விட்டுப்போகிறீர்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்து பார்க்கிற என்னால் அரண்மனைக் கட்சிகளிலிருந்து இவனைக் காக்கமுடியாது. உம் சகோதரர் அமர்சிங் இருக்கிறாரே, அவரைக் காப்பாளராக்கும் என்று ஆலோசனை சொன்னார். மன்னர் அப்படியே செய்தார். அமர்சிங்கும் பிள்ளையைக் காப்பதாக வாக்குக் கொடுத்தார்.

துளஜாஜி இறந்தபின் நடந்தது வேறு. பண்டிதர்கள் பன்னிருவரைக் கூட்டிக் கேட்டு, சுவீகாரம் செல்லாது என்று கம்பெனி தீர்த்தது, அமர்சிங்கே மன்னரானார். சரபோஜி அரண்மனைக்குள் அடைபட்டார், படிப்பும் இல்லை. வேலியென்று நட்டதே பயிரை மேய்ந்தது.

ஆலோசனை சொன்ன மனிதர் அப்போது என்ன செய்தார்? என் கை சுத்தமானது, மன்னர் கேட்டார், நான் சொன்னேன் என்று இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. சிறுவனின் நிலையைச் சென்னைக்கு எழுதினார். காவல் வைக்கச் செய்தார். கல்விக்கு ஏற்பாடு செய்தார். 1793இல் சிறுவனும் துளஜாஜியின் விதவைகளும் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டபோது தாமும் உடன்போனார். அங்கே கெரிக்கே ஐயரின் பொறுப்பில் சரபோஜியின் படிப்பு தொடர்ந்தது. பண்டிதரின் பழைய தீர்ப்பு நேர்மையாகப் பெறப்பட்டதல்ல என்று காட்ட ஆண்டுக்கணக்கில் எழுதினார். அறுபது கடந்த மனிதர், தாம் சொன்ன ஓர் ஆலோசனையின் கேட்டைத் திருத்துவதற்கே பத்து ஆண்டுகளைக் கொடுத்தார்.

ஏன் கடினம் என்றேனே. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில் நான் ஊழியம் செய்தபோது, சுரங்கத்தில் வேலைபார்த்த சகோதரர் ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி, தமக்குப்பின் வரும் சேமநிதிப் பணத்தையும் தம் இரு பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மாற்றலாகிப் போகிறவன், உங்கள் தம்பி இருக்கிறாரே என்றேன். சுவார்ட்ஸ் ஐயரின் சரித்திரத்தை செமினரியில் படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான்; அந்த நிமிடத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. பணம் இரண்டு ஆண்டில் கரைந்தது. செய்தி என் காதுக்கு வந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். ஒரு கடிதம் எழுதினேன். ஒரே ஒரு கடிதம்.

அதனால் அவரைப் பழுதற்றவராக உங்களுக்குக் காட்ட எனக்கு மனமில்லை. அவருடைய சபைகளில் சாதிக்கொரு பக்கமாக ஜனங்கள் உட்கார்ந்ததை அவர் பொறுத்துக்கொண்டார். காலப்போக்கில் மாறிவிடும் என்று எண்ணினார். மாறவில்லை, அவருக்குப்பின் முப்பத்தைந்து ஆண்டு சென்று பேராயர் வில்சன் அதை ஒழிக்கக் கட்டளையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுபட்டது. அந்தப் பிளவின் வடுக்கள் இன்னும் நம்மிடையே முற்றிலும் ஆறினவென்று எவரும் சொல்லமாட்டார். இன்னொன்று: மன்னரின் ஆலோசகராயிருந்த அதே காலத்தில் அவர் கம்பெனியாரின் நம்பிக்கைக்கும் உரியவர், கோட்டைப் படைவீரருக்குப் போதகர். இரண்டு எஜமான்கள். சரபோஜி அரியணை ஏறிய மறு ஆண்டே, 1799இல், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டு நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்புவிக்க நேர்ந்தது. சுவார்ட்ஸ் ஐயர் உயிரோடிருந்தால் இதைத் தடுத்திருப்பாரா? தடுத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பேராயர் ஹீபரும் அவரை அரசியல் சூழ்ச்சிக்காரர் என்று முன்பு சந்தேகித்தவரே. 1826இல் தஞ்சைக்கு வந்து விசாரித்தபின் தம் எண்ணம் தவறென்று எழுதினார்.

சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. சரஸ்வதி மகாலை வளர்த்தார், மருத்துவ நூல்களைத் தொகுப்பித்தார், தம் முன்னோரின் தெய்வங்களையே வணங்கினார். ஆகவே சுவார்ட்ஸ் ஐயரின் உழைப்பு வீண் என்று ஒருமுறை ஒரு வேதபாட வகுப்பில் ஒரு சகோதரர் சொன்னார். நான் அன்று அவருக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: தரியு ராஜா தானியேலின் தேவனைப் புகழ்ந்து கட்டளை எழுதினான், அதற்குமேல் அவனைப்பற்றி அந்த அதிகாரம் எதையும் சொல்லவில்லை. அதற்காகத் தானியேல் அவன் கணக்குகளைக் குறைவாகப் பார்க்கவுமில்லை.

சுவார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் மரித்தார். சரபோஜி முடிசூடியது அதே ஆண்டு ஜூன் கடைசியில். நாலரை மாதம் பிந்திவிட்டது. அடக்கத்துக்குமுன் சரபோஜி வந்து முகத்தைப் பார்த்து அழுது, பெட்டியின்மேல் பொற்சரிகைத் துணி போர்த்தி, கல்லறைவரை உடன் நடந்தார். பின்பு லண்டனிலிருந்த மிஷன் சங்கத்துக்குத் தாமே எழுதி, பளிங்கில் ஒரு நினைவுச்சின்னம் செய்வித்துத் தரும்படி கேட்டார். பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பி அதைச் செதுக்கினார். கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்ட ஆங்கில வரிகள் மன்னரே இயற்றியவை.

தஞ்சைக்குப் போகும்போது பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள சிவகங்கைப் பூங்காவையொட்டி, 1779இல் அவர் கட்டிய அந்தச் சிறு ஆலயத்துக்குள்ளும் போய்வாருங்கள். பளிங்கில் கிழவர் படுக்கையில் கிடக்கிறார். தலைப்பாகை அணிந்த வாலிபர் ஒருவர் குனிந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்.