ஒருவர் பெயர் வினைச்சொல்லான கதை

தேர்தலைப் பகிஷ்கரித்தனர், கூட்டத்தைப் பகிஷ்கரித்தனர் என்று செய்திகளில் அடிக்கடி கேட்கிறோம். இதற்கு ஆங்கிலேயர் வழங்கும் வினைச்சொல் ‘பொய்கொட்’. இச்சொல்லுக்கு லத்தீன் வேருமில்லை, கிரேக்க வேருமில்லை. ஒரு மனிதரின் பெயரே இதன் வேர்.

சார்ள்ஸ் பொய்கொட் என்பவர் அயர்லாந்தின் மேற்கிலுள்ள மேயோ பகுதியில், எர்ண் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர். 1879 இல் விளைச்சல் பொய்த்தது. மறு ஆண்டு குடியானவர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 வீதம் குறைக்கும்படி வேண்டினர். பிரபுவோ 10 வீதத்துக்கு மேல் இசையவில்லை. குத்தகை கொடாதோரை வெளியேற்றக் காரியஸ்தர் முனைந்தார்.

1880 செப்டெம்பர் 19 இல் எனிஸ் நகரில் அயர்லாந்துத் தலைவர் பார்னெல் பேசியிருந்தார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனைச் சுடவேண்டாம். தெருவிலும் கடையிலும் வழிபாட்டிடத்திலும் அவனை ஒதுக்கிவிடுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். மேயோ மக்கள் அந்த ஆயுதத்தைக் காரியஸ்தர் மீதே பிரயோகித்தனர். வேலையாட்கள் நின்றுவிட்டனர். கடைக்காரர் சாமான் கொடுக்க மறுத்தனர். அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேர் வந்தனர். அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படையினர் வந்தனர். சுமார் 500 பவுண் பெறுமதியான விளைச்சலுக்கு 10,000 பவுண் செலவாயிற்று என்பர். டிசெம்பரில் பொய்கொட் அயர்லாந்தை விட்டே போனார்.

இச்செயலுக்குப் பொருத்தமான ஆங்கிலச் சொல் குடியானவர்களுக்கு விளங்காது என்பதால், அவ்வூர்ப் பாதிரியார் ஓமலி இப்பெயரையே வினையாக்கினார் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் றெட்பாத் கூறியிருக்கிறார். அவ்வாண்டு முடியுமுன்பே லண்டன் பத்திரிகைகள் அதை எடுத்தாண்டன. பிரெஞ்சு, ஜேர்மன், ரஷ்ய மொழிகளும் ஏற்றுக்கொண்டன. முதலில் ஆளை ஒதுக்குவதைக் குறித்த சொல், பின்னர் பொருளையும் நிகழ்ச்சியையும் தேர்தலையும் ஒதுக்குவதற்கு விரிந்தது. 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பால் வடக்கில் அரசாங்க சபைத் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன.

நாம் வழங்கும் ‘பகிஷ்கரிப்பு’, ‘வெளியே’ எனப் பொருள்படும் வடசொல்லடியாகப் பிறந்தது. ஆனால் அச்செயல் நமக்குப் புதிதன்று. ஊர்விலக்கு என்ற பெயரில் அது நம் கிராமங்களில் இருந்தது. சவரமும் சலவையும் மறுத்து, கிணற்றையும் கோயிலையும் அடைத்து, வலியவர் எளியவரை ஒதுக்கினர். மேயோவிலோ எளியவர் வலியவரை ஒதுக்கினர். செயல் ஒன்றுதான், ஒன்று கொடுமை, மற்றது நியாயம் கேட்டவர்களின் ஆயுதம்.

ஆகவே இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு கேள்வியையும் சேர்த்தே கேட்டுக்கொள்வேன்: யார், யாரை ஒதுக்குகிறார்? விடை தெரிந்தாலன்றிச் சொல்லின் பொருள் முழுமையாய் விளங்குவதில்லை.